கறுப்புத் தக்காளி ஆசை: மலைநாட்டில் எந்த விதையைப் போடுவது?

நவம்பர் முடிந்து மழை கொஞ்சம் ஓய்ந்து, காலையில் லயத்துக்கு முன்னால் வெயில் விழ ஆரம்பித்ததும் எனக்குத் தக்காளி நினைப்பு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு இருப்பது மூன்றே பாத்தி. ஒன்றில் லீக்ஸும் நோக்கோலும், ஒன்றில் போஞ்சி, மிச்சம் இருக்கிற ஒன்றுதான் தக்காளிக்கு. அந்த ஒரு பாத்தியில் எதைப் போடுவது என்பதில்தான் வருடா வருடம் பேச்சு நீளும். அம்மாவுக்கு ரசத்துக்கும் குழம்புக்கும் புளிப்பான சிவப்புத் தக்காளி வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். எனக்குக் கறுத்த தக்காளி வேண்டும், பச்சையும் மஞ்சளுமாகக் கோடு விழுந்தது வேண்டும், உள்ளங்கையில் அடங்காத இளஞ்சிவப்புத் தக்காளி ஒன்றையாவது என் கையால் பறிக்க வேண்டும். போனில் படம் பார்த்தே நாலு வருடம் போனது, அப்புறம் மூன்று வருடம் போட்டும் பார்த்தேன். இதே ஆசையில் இருக்கிறவர்கள் இலங்கை மலைநாட்டில் நிறைய இருப்பீர்கள் என்று தெரியும், அதனால் எது எதற்கு ஆகும், எது ஆகாது என்று நான் கண்டதை எழுதுகிறேன்.

ரகத்தைப் பற்றிப் பேசும் முன் ஒன்று. நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? இதைக் கேட்காமல் விதை வாங்கினால் காசும் போகும், ஆசையும் போகும். முதல் வருடம் நான் செய்தது அதுதான். வெளிநாட்டு விதைப் பக்கெட்டில் கோடை காலத்துக்கு நடவும் என்று போட்டிருந்தது, கோடை என்றால் ஜூன், ஜூலை என்று நினைத்து மே கடைசியில் நட்டேன். மேற்குச் சரிவில் இருக்கிற எங்கள் ஹட்டன் பக்கம் அது தென்மேற்குப் பருவமழை இறங்குகிற நேரம். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் சரிவில் இலை காயவே காயாது. இடுப்பளவு வளர்ந்து பூவும் விட்ட கன்றுகள் பத்தே நாளில் கருகிப் போயின, முதலில் இலையோரத்தில் தண்ணீர் ஊறின மாதிரி ஒரு கரும்பச்சைத் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சணம், அப்புறம் தண்டு கறுத்து, காய் பழுப்பாகி. புத்தகத்தில் இதைப் பிந்திய வெளிறல் என்று எழுதுவார்கள், நாங்கள் கருகல் என்போம். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே நோய்தான். உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இது பொது, அதனால் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பக்கத்துத் தோட்டத்தில் கிழங்கு போட்டிருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை.

அதே விதையில் பாதியைப் பண்டாரவளையில் இருக்கிற அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். ஹட்டனும் பண்டாரவளையும் ஏறத்தாழ ஒரே உயரம், இரண்டும் 1200 மீட்டருக்கு மேல். ஆனால் என் கன்றுகள் அழுகிக் கிடந்த அதே ஜூலையில் அக்கா போன் எடுத்து, "தம்பி, செடிக்கு ஊத்தத் தண்ணிதான் இல்ல, காய் நல்லா புடிச்சிருக்கு" என்றார். ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றும் வெயிலும், அங்கே மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவத்தோடு ஜனவரி வரை இழுக்கும். ஆகவே ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் தக்காளிக்கு வெயில் காலம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. நாட்காட்டியில் ஒரே கோடை இரண்டு பேருக்கும் கிடையாது.

சரி, இப்போது ரகங்களுக்கு வருவோம். முதலில் மனதை இழுப்பது மேல்நாடுகளில் வீட்டுக்கு வீடு விதை எடுத்துக் காப்பாற்றி வந்த பழைய ரகங்கள். கறுப்புத் தக்காளி என்று நாம் சொல்லும் செரோக்கி பர்ப்பிள் அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஒருவர் பெயரில்லாத விதையை 1990இல் கிரெய்க் லெஹூலியர் என்பவருக்குத் தபாலில் அனுப்ப, அவர் விதைத்துப் பார்த்து வைத்த பெயர் அது. உண்மையில் அது கறுப்பு இல்லை. சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் அழிந்து சிவப்பு மட்டும் நிற்கும், இதில் பச்சையம் அழியாமல் சிவப்போடு சேர்ந்து நிற்கிறது, இரண்டும் கலந்து ஊதா படிந்த பழுப்பாகத் தெரிகிறது. கோடு போட்ட கிரீன் ஸீப்ரா பழையது போல் பேசப்பட்டாலும் டாம் வாக்னர் என்பவர் உருவாக்கி 1983இல் வெளியிட்டது. மோர்ட்கேஜ் லிஃப்டர் என்று ஒரு பெருத்த இளஞ்சிவப்பு ரகம் இருக்கிறது, மேற்கு வர்ஜீனியாவில் வாகனங்களின் ரேடியேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த சார்லி பைல்ஸ் தானே இனம் சேர்த்து உருவாக்கி, 1940களில் நாற்று ஒன்று ஒரு டொலர் என்று விற்று 6000 டொலர் வீட்டுக் கடனை அடைத்தார், அதனால் அந்தப் பெயர். கடன் அடைத்த தக்காளி என்று சொன்னதும் அம்மாவே அதில் ஒன்றைப் போடச் சொல்லிவிட்டார்.

இந்தப் பழைய ரகங்களில் எனக்குப் பிடித்த பெரிய விஷயம், ஒரு தடவை விதை கிடைத்தால் போதும். தக்காளி தன் பூவிலேயே தான் மகரந்தச் சேர்க்கை முடித்துக்கொள்ளும் செடி, பழைய ரகத்தின் பழத்திலிருந்து எடுத்த விதை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, விதையைச் சாற்றோடு ஒரு கோப்பையில் மூன்று நாள் வைத்தால் நுரைத்து மேலே இருக்கிற வழவழப்பு கழன்றுவிடும், எங்கள் குளிருக்கு ஒரு நாள் கூடப் பிடிக்கும். கழுவி, ஒட்டாத தட்டில் நிழலில் காயப்போட்டு, மூடி இறுகின போத்தலில் வைத்தால் நாலு வருடத்துக்குப் பயமில்லை.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பழைய ரகங்களுக்கு நோய் தாங்கும் குணம் இல்லை, கருகலுக்கும் இல்லை, செடி பச்சையாகவே தொங்கிச் சாகிற பக்டீரியா வாடலுக்கும் இல்லை. இன்னொன்று நாள் கணக்கு. பிராண்டிவைன் மாதிரிப் பெருங்காய் ரகத்துக்கு நட்ட நாளிலிருந்து முதல் பழத்துக்கு 80 முதல் 100 நாள், அதுவும் நல்ல சூட்டில். மலையில் இரவு குளிர்ந்து, காலையில் பனிமூட்டம் பத்து மணி வரை நின்றால் அந்தக் கணக்கு இன்னும் நீளும். ஹட்டனில் டிசம்பர் முதல் வாரத்தில் விதைத்து ஜனவரியில் நட்டாலும் முதல் பழம் ஏப்ரல் நடுவில், இரண்டாம் அடுக்குக் காய் பருக்கும்போது மழை வந்துவிடும். ஒரு செடியில் ஐந்தாறு பழம் கிடைத்தால் அதுவே பெரிது என்ற நிலை. பண்டாரவளை அக்காவுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஏப்ரலில் விதைத்து மே கடைசியில் நட்டால் செப்டெம்பர் முடியும் வரை அவருக்கு நேரம் இருக்கிறது. ஆகவே பெருங்காய்ப் பழைய ரகம் ஊவாக்காரர்களுக்குச் சரி, மேற்குச் சரிவுக்காரர்களுக்கு ஒன்றிரண்டு செடிக்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு. நுவரெலியாவில் திறந்த வெளியில் அதுவும் வேண்டாம். இரவு 13 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உண்டாகாது, பூ நிறைய வந்து காய் பிடிக்காமல் உதிரும், ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் ஊர் அது.

கடையில் கிடைக்கும் கலப்பின விதை வேறு குணம். மரக்கறி விற்கிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. செடிகள் ஒரே சீராக வரும், காய் தோல் தடித்துக் கொழும்பு வரை லொறியில் நசுங்காமல் போகும். ரகத்துக்கு ரகம் நோய் எதிர்ப்பும் உண்டு, பக்கெட்டில் எந்த நோயைத் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல். அந்தத் தடித்த தோலும் கெட்டிச் சதையும் லொறிக்காக வந்தவை, அடுப்படிக்கு இருபதடி தூரத்தில் வளர்க்கிற எனக்கு அவை தேவையில்லை. அப்புறம் அதன் விதையை எடுத்துப் போட்டால் கன்றுக்குக் கன்று வேறு வேறாக வரும், ஒவ்வொரு போகத்துக்கும் திரும்ப வாங்க வேண்டும்.

அம்மாவின் தேவைக்கு நான் வைப்பது விவசாயத் திணைக்கள ரகங்கள். திலின, ரஜித மாதிரிப் பெயர்களில் வருபவை. கமநல சேவை நிலையத்திலோ திணைக்கள விற்பனை நிலையத்திலோ கேட்கும்போது, பக்டீரியா வாடலைத் தாங்குகிற ரகம் எது இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். செடி அதிகம் உயராது, ஒரு கம்பு போதும், காய் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்து முடியும். பார்க்க அதிசயம் ஒன்றுமில்லை, ரசத்துக்கு இதை மிஞ்சவும் ஒன்றுமில்லை.

வாடலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை ரகம் வைக்கிறவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் பச்சையாகவே தலை தொங்கும், சாயந்திரம் கொஞ்சம் தேறும், மூன்றாம் நாள் தேறாது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். சந்தேகம் இருந்தால் அடித்தண்டை அறுத்து, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள், சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி நூல் நூலாக இறங்கினால் அது பக்டீரியா வாடல். மருந்து கிடையாது. மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும், கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பிடிக்கும். அந்த மண்ணில் ஆசை ரகத்தை வைக்கவே கூடாது. எனக்கு அப்படி ஒரு மூலை அகப்பட்டது, அதில் இப்போது கோவாவும் வெங்காயமும்தான். ஆசைத் தக்காளியெல்லாம் பழைய பெயின்ட் வாளியில், நோய் காணாத இடத்திலிருந்து எடுத்த மண்ணும் கொம்போஸ்ட்டும் கலந்து. தாய்வானில் இருக்கிற உலக மரக்கறி நிலையம் வாடல் தாங்கும் கத்தரி ரகத்தின் அடித்தண்டில் தக்காளியை ஒட்டி வளர்க்கும் முறையைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறது. கை பழகினவர்கள் அதைச் செய்யலாம், நான் வாளியோடு நின்றுவிட்டேன்.

இப்போது நான் மிகவும் நம்புகிற வழி: சின்னத் தக்காளி, செரி தக்காளி என்று கடையில் சின்னப் பெட்டியில் விற்பது. வித்தியாசமான நிறமும் வேண்டும், மலையின் குறுகின வெயிலுக்குள் பழுக்கவும் வேண்டும் என்றால் இதைவிட நல்ல கதவு எனக்குத் தெரியவில்லை. நட்ட 55 முதல் 65 நாளில் முதல் கொத்து பழுக்கும். ஜனவரியில் நட்டால் மார்ச் நடுவில் வாயில் போட்டுவிடலாம், மே மழை வரும் முன் எத்தனையோ கொத்து பறித்து முடிந்திருக்கும். ஒரு கொத்து கருகினாலும் அடுத்தது இருக்கும், பெருங்காய் மாதிரி ஒரே பழத்துக்காக நூறு நாள் காத்திருந்து ஒரே இரவில் இழக்கிற துக்கம் இல்லை. நிறத்துக்கும் பஞ்சமில்லை, மஞ்சள் உண்டு, செம்மஞ்சள் உண்டு, கறுப்பும் உண்டு. ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட இன்டிகோ ரோஸ், செரியைவிடக் கொஞ்சம் பெரிது, தோல் கத்தரிக்காய் மாதிரிக் கரும் ஊதா, ஆனால் வெயில் படுகிற பக்கம் மட்டுமே ஊதா ஏறும், இலை மறைத்த பக்கம் ஏறாது, அதனால் காய் பிடித்ததும் மறைக்கிற இலையை மட்டும் கிள்ளிவிட வேண்டும். ஜப்பானியக் கம்பனி ஒன்று உருவாக்கிய சன் கோல்ட் செம்மஞ்சளில் வருவது, இனிப்புக்குப் பேர் போனது, அது கலப்பினம் என்பதால் விதை எடுத்துப் பயனில்லை. கருகலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு மவுன்டன் மேஜிக் என்று கருகலைத் தாங்கும் கலப்பினம் ஒன்று இருக்கிறது, வட கரோலினாவில் உருவானது, பெரிய செரி அளவு. நிறம் சிவப்புதான், ஆனால் மழை ஊரில் செடி நிற்பதே பெரிய அழகு.

விதை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்வது நம் பக்கம் நடக்கிறது, நான் அதைச் செய்ய வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதை கொண்டுவர அனுமதிப் பத்திரமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் இருப்பதே இதற்காக. வெறும் சட்டப் பயம் மட்டுமல்ல. 2014இல் இஸ்ரேலில் முதலில் கண்ட ஒரு தக்காளி வைரசு விதையிலும் கையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டே எத்தனையோ நாடுகளுக்குப் பரவிவிட்டது, பழத்தைப் பழுப்பாக்கிச் சுருக்கிவிடும். மரக்கறியை நம்பி எத்தனை குடும்பம் இந்த மலையில் வாழ்கிறது, என் ஒரு பாத்தி ஆசைக்காக அதைக் கொண்டுவந்து இறக்க எனக்கு மனம் வராது.

அதற்குப் பதில் ஒரு எளிய வழி. பெரிய கடைகளில் ஹோட்டலுக்கும் சலாதுக்கும் என்று நிறத் தக்காளி விற்கிறார்கள், பொலித்தீன் கூடாரத்தில் வளர்த்தவை. ஒரு பெட்டி வாங்கி, சாப்பிட்டுப் பார்த்து, மிகவும் பிடித்த பழத்தின் விதையை எடுத்துப் போடுங்கள். அது கலப்பினமாக இருக்கலாம், பிள்ளைகள் வேறு வேறாக வரலாம். எனக்கு மஞ்சள் செரி ஒன்றிலிருந்து ஆறு கன்று வந்தது, நாலு மஞ்சள், இரண்டு சிவப்பு, மஞ்சளில் ஒன்று தாயைவிடப் புளிப்பும் மணமும் கூடியது. அதன் விதையைத்தான் மூன்றாம் தலைமுறையாக வைத்திருக்கிறேன், போத்தலில் "அம்மா மஞ்சள்" என்று எழுதி.

மரத்தக்காளியை மறந்துவிட்டு வித்தியாசமான தக்காளி தேடுவது நியாயமில்லை. அந்தீஸ் மலையிலிருந்து வந்தது, நியூசிலாந்துக்காரர்கள் 1967இல் அதற்கு டமரில்லோ என்று வியாபாரப் பெயர் வைத்தார்கள், நமக்கோ வேலியோரத்து மரம். தக்காளிக்குச் சொந்தம், ஆனால் தக்காளி இல்லை. முட்டை வடிவம், செம்மை ஏறிய பழம், தோல் கசக்கும், சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு உரித்துவிட வேண்டும். சுட்டு, பச்சை மிளகாய், உப்பு வைத்து அரைத்த சட்னிக்கும் ரொட்டிக்கும் உள்ள பொருத்தம் சொல்லி முடியாது. குளிர் இதற்குப் பிடிக்கும், நுவரெலியாக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேர் மேலோட்டமாக ஓடுவதால் காற்றில் சாயும், தண்ணீர் தேங்கினால் செத்துவிடும், காய்க்க இரண்டாம் வருடம் ஆகும். பொறுமை இருந்தால் ஒரு மரம் போதும், வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும்.

எந்த ரகமானாலும் மேற்குச் சரிவில் கூரை வேண்டும். மூங்கில் நாலு நட்டு மேலே பொலித்தீன், நாலு பக்கமும் திறந்தபடி, செடி உச்சிக்கு இரண்டடி மேலே. கருகல் பிடிக்க இலை மணிக்கணக்கில் நனைந்து கிடக்க வேண்டும், மார்ச், ஏப்ரல் பின்னேர இடிமழையை அந்தப் பொலித்தீன் தாங்கிக்கொண்டால் பாதி யுத்தம் முடிந்தது. தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். கூரைக்குள் காற்றாட்டம் குறைந்தால் வெயில் ஏறிய பத்து மணிக்குப் பூங்கொத்தை விரலால் தட்டிவிட்டால் காய் நன்றாகப் பிடிக்கும். உயர்ந்து வளரும் ரகத்துக்குப் பக்கத் துளிரைக் கிள்ளி ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றுங்கள், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகின கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணும் முக்கியம். தேயிலை மண் புளித்த மண், தக்காளிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது, கவ்வாத்துக்குப் பிறகு மலைக்குப் போடுகிற அதே டொலமைட்டை நடுவதற்கு ஒரு மாதம் முன்பே பாத்தியில் கலந்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, தண்ணீரும் ஒரு நாள் நிறைய ஒரு நாள் இல்லை என்று ஊற்றினால் காயின் அடிமுனை கறுத்து அழுகும். நீட்டக் காய் ரகங்களுக்கு, சான் மர்சானோ போன்றவைக்கு, இது சீக்கிரம் வரும்.

முழுக்கச் சிவக்கும்வரை செடியில் விடவும் வேண்டாம். நிறம் திரும்பின உடனே பறித்து அடுப்படியில் வைத்தால் சூட்டுக்கு நாலைந்து நாளில் பழுத்துவிடும், ருசி பெரிதாகக் குறைவதில்லை, குரங்குக்கும் மழைக்கும் கொடுக்காமல் நமக்கே கிடைக்கும். கிரீன் ஸீப்ரா மாதிரிப் பச்சையாகவே பழுப்பதை மட்டும் விரலால் அழுத்திப் பாருங்கள், கோடுகளுக்கு நடுவே மஞ்சள் ஏறி, தொட்டால் மெத்தென்று இருந்தால் பறிக்கலாம்.

இந்த டிசம்பருக்கு என் கணக்கு இது. பாத்தியில் திணைக்கள ரகம் பன்னிரண்டு, அம்மாவுக்கு. கூரைக்குள் வாளியில் அம்மா மஞ்சள் நாலு, இன்டிகோ ரோஸ் இரண்டு, செரோக்கி பர்ப்பிள் ஒன்றே ஒன்று. மோர்ட்கேஜ் லிஃப்டர் விதை முழுவதையும் அக்காவுக்குப் பண்டாரவளைக்கு அனுப்புகிறேன், ஏப்ரலில் அவர் போடட்டும், ஆகஸ்ட் விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பறித்துச் சாப்பிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். யோகட் கப்பெல்லாம் கழுவிக் காயவைத்தாயிற்று, அடியில் ஓட்டை போடுகிற வேலைதான் பாக்கி.